விரல் நீள இரும்பு

ஏப்ரல் 10, வெள்ளி

புழுக்கம். மேகம் கட்டுகிறது, பெய்கிற எண்ணம் இல்லை. லீவுக்கு முந்திய கடைசி ஸ்கூல் நாள்.

வெள்ளவத்தையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வேன் ஊளையிட்டது. ஒரு கிழமையாக முனகிக்கொண்டுதான் இருந்தது, இன்றைக்கு ஊளை. பின்சீட்டுப் பையன்கள் அதற்குச் சரியாகச் சுருதி சேர்த்து ஊளையிட்டார்கள். கொட்டாஞ்சேனைக்குள் திரும்பும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு அடி. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டார்கள்.

எல்லோரையும் வீட்டில் இறக்கிவிட்டு நேரே ஆமர் வீதி, நிஸார் பாஸின் கராஜுக்கு. என் வேனுக்கு நெடுங்காலமாக அவர்தான் வைத்தியர். பின்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். டிஃபரன்ஷல் என்றார். வேன் திரும்பும்போது பின்சக்கரம் இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்கிற உருண்டை அதுதான்.

“தங்கச்சி, இத இனி ஓட்ட வாணாம். உள்ளுக்கு என்னமோ ஒடையப் போகுது. ஓடக்கொள்ள ஒடஞ்சா பின்வீல் லொக் ஆகும்.”

ஓடும்போது பின்சக்கரம் இறுகினால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. காலி வீதியில், காலை நேரத்தில், பதினாலு பிள்ளைகளோடு. கேட்காமலே தெரியும்.

20ஆம் திகதி ஸ்கூல் திறக்கிறது. இடையில் சித்திரை வருஷம். கடைகளும் பட்டறைகளும் சாத்திவிடுவார்கள். பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் இப்போதே ஒரு அம்மா, “ரீட்டா அக்கா, வேனில ஏதோ சத்தமாம், மகன் சொன்னான்.” பின் ஒழுங்கை ரொஷான் புது ஏசி வேன் வாங்கியிருக்கிறான். கழுகுக்கு மூக்கில் வேர்த்திருக்கும். ஒரு கிழமை வேன் நின்றால் போதும், பிள்ளைகள் அவனிடம் போவார்கள். போன பிள்ளை திரும்பி வராது. இந்த வேன்தான் இப்போது வீட்டுக்குச் சோறு.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். வத்தளையில் இவர் லேத் மெசினில் டர்னராக இருந்த ஃபெக்டரி ஜனவரியில் மூடியதிலிருந்து மனிதர் வீட்டில்தான். சொன்னதும் முகத்தில் ஒரு வெளிச்சம். வேன் உடைந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் என் புருஷன்தான்.

ஏப்ரல் 11, சனி

பாஸ் கழற்றிவிட்டார். பார்க்கப் போனோம், நானும் இவரும்.

பெரிய பல்சக்கரங்கள் தப்பிவிட்டன. கிறவுணும் பினியனும் புருஷன் பொஞ்சாதி மாதிரி, ஒன்று போனால் இரண்டையும் மாற்ற வேண்டும், ஒங்களுக்கு அதிர்ஷ்டம் என்றார் பாஸ். போனது ஒரு பின். விரல் நீளம், உருளை. அதன் மேல்தான் சின்னப் பல்சக்கரம் இரண்டும் சுற்றுகின்றன. தேய்ந்து, நடுவில் நகம் விழுகிற அளவுக்குப் பள்ளம். இவ்வளவு பெரிய வேன் இந்தச் சுண்டு இரும்பை நம்பித்தான் ஓடியிருக்கிறது.

வாங்குவதா, செய்வதா? அங்கேயே தொடங்கிவிட்டது.

இவர்: செய்வோம். வாங்குவதெல்லாம் பெட்டி மட்டும்தான் ஒரிஜினல்.

நான்: வாங்குவோம்.

பாஸ் இரண்டு பக்கமும் தலையாட்டினார். கெட்டிக்காரர்.

இவர் செய்த சாமான்களை எனக்குத் தெரியும். கேஸ் அடுப்புத் திருகி உடைந்தபோது பித்தளையில் ஒன்று கடைந்தார். அழகு. ஆனால் சூடேறினால் துணி பிடித்துத்தான் திருப்ப வேண்டும். கேட்டுக்கு ஒரு தாழ்ப்பாள் செய்தார், அதைத் திறக்க இரண்டு ஆள் வேண்டும். கடையில் கிடைக்கிற எதையும் காசு கொடுத்து வாங்குவது இவருக்குத் தோல்வி.

கடை சாத்துவதற்குள் நான் தனியே, வேன் சாமான் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தைக்கு ஓடினேன். வருஷச் சனம், தள்ளுமுள்ளு. வேனின் பெயர், மொடல் எல்லாம் சொன்னேன். கடைப் பையன் தேடிக்கூடப் பார்க்கவில்லை, கையை நீட்டி எடுத்தான். “ஒரிஜினல்மய் அக்கே.” அசலேதானாம். பளபள பெட்டி. பழைய சாம்பிள் இருக்கா என்று கேட்டான். இல்லை. பழைய பின் இவருடைய சட்டைப் பையில் இருந்தது. அளவெடுக்கிறாராம்.

வாங்கி வந்தேன். இவர் பெட்டியைத் திறக்காமல் மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

ஏப்ரல் 13, திங்கள்

எழுதவே எரிச்சல். நான் வாங்கியது பொருந்தவில்லை.

பாஸ் கராஜைப் பூட்டுவதற்கு முன் போட்டுப் பார்த்திருக்கிறார். துளைக்குள் கடகடவென்று ஆடுகிறதாம். ஒரே பெயர் வேனுக்கு இரண்டு வகை டிஃபரன்ஷல் வந்ததாம், வெளியே பார்த்தால் தெரியாதாம். பழைய சாமானைக் கையில் கொண்டுபோகாமல் பஞ்சிகாவத்தைக்குப் போகிற ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான். ஆனால் அந்தப் பழைய சாமானைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தவர் யார்?

வேண்டுமென்றே செய்தாரா? மறதியா? கேட்கவில்லை. கேட்டால் சண்டை. கேட்காவிட்டாலும் சண்டைதான், ஆனால் சத்தமில்லாதது.

மாற்ற ஓடினேன். கடை மூடி. பக்கத்துக் கடையும். அந்த வீதி முழுக்க மூடி. முதலாளிமார் ஊருக்குப் போய்விட்டார்கள். அடுத்த திங்கட்கிழமைக்குப் பிறகுதான் திறப்பார்கள் என்று வாசலில் படுத்திருந்த காவற்காரர் சொன்னார்.

வட்ஸ்அப்பில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள், 20ஆம் திகதி வேன் வருமா என்று. “வரும்” என்று போட்டேன்.

இவர் குசினி வாசலில் நின்று, “அப்ப செய்வம், என்ன?” என்றார். வெற்றிக் களிப்பு இல்லாமல் கேட்டதுதான் இன்னும் எரிச்சல்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷம். கீழ் வீட்டு சிங்கள ஆட்கள் கிரிபத் பால்சோறும் கவும், கொக்கிஸ் பலகாரமும் கொண்டுவந்து தந்தார்கள். கவும் நல்லாயிருந்தது. இரண்டு சாப்பிட்டேன், மூன்றாவதை இவருக்கு வைக்கவில்லை.

செவ்வாய் ஆனபடியால் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போனேன். அந்தோனியாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. ‘என் புருஷன் செய்கிற சாமான் நல்லா வரவேண்டும்’ என்றா? ‘அவர் செய்யாமலே வேறு வழி வரவேண்டும்’ என்றா? இரண்டாவதைத்தான் கேட்டேன். மெழுகுவர்த்தி கொளுத்தும்போது வெட்கமாயிருந்தது.

இவருக்கு இரும்பு கிடைத்துவிட்டது. பழைய லொறி அச்சுத் துண்டு. லேத்தும் கிடைத்தது, கிராண்ட்பாஸில் சுனில் என்ற கூட்டாளியின் பட்டறை. ஆனால் சுனில் மெசினைப் போடமாட்டாராம். வருஷத்துக்குப் பிறகு வேலை தொடங்குவதற்கு நெகத பார்த்த நல்ல நேரம் இருக்கிறதாம், அது இன்னும் இரண்டு நாள் கழித்துத்தானாம். அதற்கு முன் சுவிட்சைத் தொட்டால் வருஷம் முழுக்க மெசின் மல்லுக்கட்டுமாம்.

என் கத்தோலிக்கப் புருஷன் சிங்கள நெகதவுக்காக ஹோலில் மேலும் கீழும் நடக்கிறார். எனக்குச் சிரிப்பு. பிறகு பயம். வியாழன் செய்து, சனி வேனில் பூட்டி, திங்கள் ஓட்ட வேண்டும். ஒன்று பிசகினாலும் முடிந்தது.

ஏப்ரல் 15, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. அலுமாரியைத் துப்புரவாக்கினேன். மறுபடி அடுக்கினேன். வேன் சீட் உறைகளைக் கழுவினேன். ரொஷான் சந்தியில் கண்டு, “என்ன அக்கா, வேன் காணல்ல?” என்றான். “சர்வீஸ்” என்றேன். அவன் சிரித்த சிரிப்பு!

ஏப்ரல் 16, வியாழன்

செய்துவிட்டார்.

மத்தியானம் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நான் திறந்தேன். பொய் எழுதமாட்டேன், அழகு. கடைப் பெட்டியில் வந்ததைவிட அழகு. முகம் தெரிகிற மினுக்கம், ஓரத்தில் விரல் வெட்டாதபடி ஒரு சரிவு, பூட்டு ஆணிக்கான துளை மயிர் பிசகாமல் நடுவில். அளவு பார்க்கிற கருவியை என் கண்ணுக்கு நேரே பிடித்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். சரி.

பிறகு அதைக் காய்ச்ச வேண்டுமாம். இறுகாத இரும்பை அப்படியே போட்டால் ஒரு மாதத்தில் தேய்ந்துவிடும். சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் போட்டால்தான் இறுகும். ஃபெக்டரியில் இதற்கு ஒரு சூளை இருந்தது, சூட்டை அதுவே காட்டும். இங்கே என்ன இருக்கிறது? பின்படிக்கட்டு, இரவல் கேஸ் டோர்ச், நான் பொரிக்கிற பெரிய தாச்சி நிறையப் பழைய எண்ணெய். தாச்சி போனது போனதுதான்.

நிழலில் பிடித்து நிறம் பார்த்தார். செர்ரிப்பழச் சிவப்பு வரவேண்டுமாம். வந்ததா என்று கேட்டேன், பதில் இல்லை. எண்ணெயில் போட்டதும் புகை. கீழ் வீட்டு அம்மா, யாரோ வீட்டைக் கொளுத்துகிறார்கள் என்று கத்தினார்.

பின்னேரம் இவருடைய தங்கச்சியும் புருஷனும் வருஷத்துக்கு வந்தார்கள். பின்னை மறுபடி தேய்த்து மினுக்கி, தட்டில் வைத்துக் காட்டினார். கேக் காட்டுவதுபோல. தங்கச்சியின் புருஷன் வங்கியில் வேலை, பின் என்றால் ஏடிஎம் பின் மட்டும்தான் தெரியும். அவரும் பாராட்டினார். ஜனவரிக்குப் பிறகு இவர் பல் தெரியச் சிரித்தது இன்றைக்குத்தான். “அண்ணாட கை தங்கக் கை, என்ன அண்ணி?” என்று தங்கச்சி கேட்டாள். ஓம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

ஆனால் நிறம் வந்ததா என்று கேட்டதற்கு ஏன் பதில் இல்லை?

ஏப்ரல் 17, வெள்ளி

இருக்க முடியவில்லை, நிற்க முடியவில்லை. பருப்பு அடிப்பிடித்தது. இவர் வாஷர் தேடி வெளியே போனார்.

இருபது வருஷமாக ஒரு டர்னரோடு குடித்தனம். சாப்பாட்டு மேசையில் எத்தனை தரம் கேட்டிருப்பேன்: “இரும்பு இறுகிச்சா எண்டு பார்க்கப் பெரிய மெசின் தேவையில்ல. அரத்தை வச்சு இழு. வழுக்கினா இறுகி இருக்கு. பிடிச்சா மெது.”

கட்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டியிலிருந்து சின்ன அரத்தை எடுத்தேன். பேப்பரைப் பிரித்தேன். யேசுவே என்று சொல்லிக்கொண்டு இழுத்தேன்.

பிடித்தது.

கொய்யாக்காயில் நகம் பட்டதுபோல ஒரு கீறல். இன்னொரு இடத்தில் இழுக்க மனம் வரவில்லை. துணியால் தேய்த்தேன். பற்பசை போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. அந்த மினுக்கத்தில் வேறு ஒன்றுமே தெரியவில்லை, கீறல் மட்டும்தான் தெரிந்தது. அதே பேப்பரில், அதே மடிப்பில் சுற்றி வைத்தேன். திருட்டுப் பூனை.

குசினியில் நின்று கொஞ்சம் அழுதேன். மனிதரின் சிரிப்பையும் சேர்த்துக் கீறிவிட்டேன் என்று இருந்தது. பிறகு பின்சீட்டு நினைவுக்கு வந்தது, ஊளையிட்ட பையன்கள். அழுகை நின்று கோபம் வந்தது.

யாரிடம் கேட்கலாம்? வெள்ளவத்தை சிவராசா சேர். முன்பு அவருடைய பேத்தியை நான்தான் ஏற்றுவேன். அவர் வீட்டு முற்றத்தில் என்னுடையதைப் போலவே ஒரு வேன், என்ஜின் செத்து, டயர் இறங்கி நிற்கிறது. போன் எடுத்தேன். எந்த வருஷத்து வேன் என்று கேட்டேன், என் வேனின் வருஷம்தான். டிஃபரன்ஷலைத் தருவீர்களா என்று கேட்டேன்.

“பிள்ளை, வேனையே கொண்டு போங்கோ. மனிசி ஒவ்வொரு நாளும் அதைக் காட்டி என்னைப் பேசுறா.”

பாஸிடம் கேட்டேன். அளவு ஒத்துவந்தால் பழைய வேனில் இருந்த அசல் சாமான்தான் நல்லது என்றார். ஆனால் அவருடைய ஆட்கள் எல்லாம் வருஷத்துக்கு ஊரில். ஞாயிறு அவர் தனியாகப் பூட்டித் தருவார், கழற்றிக் கொண்டுவருவது நம்முடைய பாடு.

அப்படியென்றால் கழற்ற வேண்டியவர் இவர்தான். இவர் செய்ததற்குப் பதிலாக இன்னொன்றை, இவரையே கழற்றச் சொல்லிக் கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது? கடவுளே, எந்த வாயால்?

கேட்கவில்லை. சாப்பாடு போட்டேன். பருப்பு கருகல் என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார்.

ஏப்ரல் 18, சனி

காலையில் தேத்தண்ணி கொண்டுபோனேன். பேப்பரைப் பிரித்து வைத்திருந்தார், பாஸிடம் கொண்டுபோக. பின்னை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார். பெருவிரல் ஓரிடத்தில் நின்றது. மறுபடி உருட்டினார். அதே இடத்தில் நின்றது.

நான் கோப்பையை வைத்தேன்.

“அரம் பிடிச்சுதா?” என்று கேட்டார். என்னைப் பார்க்கவில்லை.

“பிடிச்சுது.”

கீழே யாரோ தண்ணீர் மோட்டர் போட்டார்கள்.

“நான் உரசிப் பார்க்கேல்ல, ரீட்டா.”

“ஏன்?”

“பார்த்துப் பிடிச்சிருந்தா, போட ஏலாதே.”

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தேத்தண்ணியை மனிதரின் தலையில் ஊற்றியிருப்பேன். கேட்டேன், எல்லாவற்றையும் கேட்டேன். பதினாலு பிள்ளைகள் உங்களுக்கு விளையாட்டா என்று. அவர்களுடைய அம்மாமாருக்கு யார் பதில் சொல்வது என்று. உங்களுக்குக் கெட்டிக்காரப் பட்டம் கிடைக்க என் பின்சீட்டா கிடைத்தது என்று. கடைசியாகச் சொன்னது கூடிப்போனது. சொன்னதும் எனக்கே தெரிந்தது, ஆனால் வாயிலிருந்து போனதை எங்கே போய்ப் பிடிப்பது?

இவர் எழும்பி முகம் கழுவினார். நான் மூச்சு வாங்க நின்று, சிவராசா சேரின் வேனைப் பற்றிச் சொன்னேன்.

“எந்த ஒழுங்கை?” என்றார். ஸ்பானர் பையை எடுத்தார்.

பஸ்ஸில் போனோம், பக்கத்துப் பக்கத்தில் இருந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு. சிவராசா சேரின் மனைவி வேனுக்கு விடுதலை கிடைத்த மகிழ்ச்சியில் வடை சுட்டார். இவர் மத்தியானம் முழுக்க வேனுக்குக் கீழே கிடந்தார். துரு இறுகிய நட்டுகள், ஒன்றைக் கழற்றக் கை தோல் உரிந்தது. நான் மண்ணெண்ணெய் ஊற்றினேன், ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். தேவையான வார்த்தை மட்டும். பதினேழு. பத்தொன்பது. மற்றது.

கடைசியில் உருண்டை வெளியே வந்தது. சீமெந்துத் தரையில் பழைய சாக்கு விரித்து, பின்னைத் தட்டி எடுத்தார். அளவு எங்களுடையதேதான். துடைத்தார். பள்ளம் இல்லை. பையிலிருந்து அரத்தை எடுத்தார். கொண்டுவந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியாது.

தான் இழுக்காமல் என்னிடம் நீட்டினார். “நீயே பார்.”

இழுத்தேன். வழுக்கிக்கொண்டு போனது, கண்ணாடியில் இழுத்ததுபோல. ஒரு தடமும் இல்லை. இரண்டாம் தரமும் இழுத்தேன். இவர் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். அந்த இரும்பைச் செய்தவன் யாரோ, எந்த நாட்டிலோ, அவனைப் பார்த்து ஆட்டியது மாதிரி இருந்தது.

த்ரீவீலரில் வந்தோம். சீட்டில் நடுவில் டிஃபரன்ஷல், சாக்கு சுற்றி, மூன்றாவது ஆள்போல. டிரைவர் இது என்ன பன்றியா என்று சிங்களத்தில் கேட்டான். இவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். நான் அடக்கவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. கராஜ். பாஸ் முழுவதையும் திறந்து, பல் பல்லாகப் பார்த்து, கழுவி, புது எண்ணெய் ஊற்றிப் பூட்டினார். “சாமான் அசல். மாஷா அல்லா” என்றார்.

இவர் செய்த பின்னைப் பற்றி பாஸ் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இவரே சொன்னார், அது சரிவரவில்லை, இரும்பு இறுகவில்லை என்று. வேறு ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. என் நெஞ்சில் ஏதோ இளகியது. நேற்று நான் சொன்ன கடைசி வார்த்தையைத் திரும்ப எடுக்க வேண்டும்போல இருந்தது. எடுக்கவில்லை. அந்த இடத்தில் பாஸ் நிற்கிறார், எப்படி?

மாலை வெறும் வேனை பேலியகொடை வரை ஓட்டிப் பார்த்தேன். சத்தம் இல்லை. திரும்பும்போது அடியில் அடி இல்லை. மீன் மணம் மட்டும்.

வட்ஸ்அப்: “நாளை வேன் வழமைபோல்.” பதினாலு வீட்டில் பன்னிரண்டு பெருவிரல். இரண்டு பேர் ரொஷானிடம் போய்விட்டார்கள். போகட்டும்.

ஏப்ரல் 20, திங்கள்

தூறல். ஒருவழியாகப் பெய்கிறது.

விடிய வேனை எடுக்கும்போது இவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து பின்கதவைத் திறந்தார். எங்கே என்று கேட்டேன். பின்னால் உட்கார்ந்து சத்தம் வருகிறதா என்று கேட்கப் போகிறாராம். கடைசி சீட்டில், டிஃபரன்ஷலுக்கு நேர் மேலே, முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

பிள்ளைகள் ஏறினார்கள். முதலாம் வகுப்புச் சின்னவள் அவருக்குப் பக்கத்தில் இருந்து, “அங்கிள் எந்த ஸ்கூல்?” என்று கேட்டாள். இவர் என்னவோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். கொள்ளுப்பிட்டி வரும்போது கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடி, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பையன்கள்கூடச் சத்தம் போடவில்லை.

வெள்ளவத்தையில் கடைசிப் பிள்ளையையும் இறக்கினேன். வேன் காலி. இவர் இறங்கவில்லை.

“என்ன சத்தம்?” என்றேன்.

“ஒண்டும் இல்ல. நல்லா இருக்கு.”

“பின்ன முன்னுக்கு வாங்க.”

வரவில்லை. முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். “என்டதைப் போட்டிருந்தா, நீ ஓட்டியிருப்பியா?”

பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. நான் வேனை ஓரமாக எடுத்தேன்.

“ஓட்டியிருப்பன். பிள்ளைகளை ஏத்தியிருக்க மாட்டன்.”

பக்கக் கதவு திறந்து மூடிய சத்தம். மழையில் சுற்றி வந்து முன்னால் ஏறி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்தார், மழைத்தண்ணிதான் என்று நினைக்கிறேன். போவம் என்றார்.

மத்தியானம் திரும்ப ஏற்ற வேண்டும். டீசல் போட வேண்டும். தாச்சி ஒன்று வாங்க வேண்டும்.